2603-ஆம் ஆண்டுப் புத்தகம்: பினாங்குக் கோயிலின் அடியில் இருந்த ‘மந்திர நூலகம்’

இடம், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய நகரத்துக்குள் கடலுக்குக் கிட்டே இருக்கும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் கோயில். பெயரை எழுதப் போவதில்லை. ஏற்கெனவே அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போதும் என்று பங்கு மக்கள் கேட்டுக்கொண்டார்கள், அது நியாயம்.

பீடத்துக்குப் பின்னால், பூசைப் பொருள்கள் வைக்கும் திருப்பண்ட அறையின் பலகைத் தரை உளுத்துப்போயிருந்தது. குத்தகைக்காரர் பலகையைப் பெயர்த்தபோது கீழே ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் தெரிந்தது. உள்ளே செங்கல் அடுக்கி அதன்மேல் மூன்று தகரப் பெட்டிகள். ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். மேலே இருந்த புத்தகத்தில் பாதி எழுத்து சிவப்பு. இன்னொன்றைச் சுற்றியிருந்த நாளிதழ்த் தாளில் ஆண்டு 2603 என்று அச்சாகியிருந்தது. யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். இரண்டே நாளில் ‘மாதா கோயிலுக்குக் கீழே மந்திர நூலகம்’ பினாங்கு முழுக்கப் பரவிவிட்டது. 2603-ஐ நாலு நம்பர் லாட்டரியில் வைத்தவர்களும் உண்டு.

பழைய நூல்களையும் ஏடுகளையும் செப்பனிடுவது என் தொழில். பங்குத்தந்தை கூப்பிட்டு நான் போனபோது வேலை நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. குத்தகைக்கார அண்ணன் வாசலிலேயே மறித்தார். “வேணாம்லா அக்கா. பாதர் வந்து தீர்த்தம் தெளிக்கட்டும், பொறவு இறங்குங்க. நேத்து ராத்திரி உள்ளே தட்டுற சத்தம் கேட்டிருக்கு.”

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த அறைக்குக் கீழே பொல்லாத புத்தகம் இருக்கிறது என்ற பேச்சு புதிதாக முளைத்ததல்ல. அறுபது வயது தாண்டியவர்களைக் கேட்டால், சின்ன வயதில் அந்தப் பக்கம் ஒளிந்து விளையாடப் போனால் அடி விழும் என்கிறார்கள். படிப்பவர்களுக்குப் புத்தி பேதலிக்கும், அமாவாசை அன்று ஏடு தானாகப் புரளும் என்பது அவர்கள் கேட்டு வளர்ந்தது. பெட்டி வெளியே வந்ததும் பழைய பேச்சு புது உடுப்பு போட்டுக்கொண்டது. ஆகவே இரண்டு வேலை இருந்தது: புத்தகத்தைக் காப்பாற்றுவது, அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவது நடந்திருக்காது என்பது பிறகுதான் விளங்கியது.

இறங்கிப் பார்த்தது

பழைய ஜார்ஜ்டவுனில் ஆழமான நிலவறை என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. கரையோரத் தாழ்நிலம், கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். அந்த நாளில் கட்டியவர்கள் அதைத் தெரிந்துதான் தரையை மேலே தூக்கி, சுற்றுச்சுவரில் காற்றுத் துளைகள் விட்டு, அதற்குமேல் பலகை போட்டார்கள். இங்கே ‘நூலகம்’ என்றது அந்தத் தரையடி வெற்றிடத்தைத்தான். பௌர்ணமிக்கு மறுநாள் இறங்கியபோது கீழ்வரிசைச் செங்கல்லில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அதே செங்கல் உலர்ந்திருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஓதம் கூடுதலாக ஏறும், அதோடு நிலத்தடி ஈரமும் ஏறும். ஈரம் ஏறும் நாளில் காற்றுத் துளை வழியே பழந்தாளின் புளித்த வாடை வெளியே வரும். அமாவாசைக் கதைக்கு இதைவிடத் தூரம் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தட்டும் சத்தமும் பொய்யல்ல, நானும் கேட்டேன். கரையான்களில் காவல் காப்பவை, புற்றைக் கலைத்தால் தலையை மரத்தில் மோதித் தட்டும். மற்றவை அதிர்வை உணர்ந்து உள்ளே ஓடும். பலகையைப் பெயர்த்தவர்கள் அதன் கூட்டைக் கலைத்திருக்கிறார்கள். உத்தரத்தைப் பிளந்து காட்டியதும் அண்ணன் பெருமூச்சு விட்டார். ஆனால் பெட்டியைத் தொட மாட்டேன் என்றார்.

முதல் பெட்டியில் இருந்தவை பூசைப் புத்தகங்களும் சடங்குப் புத்தகங்களும், எல்லாம் லத்தீன். படத்தில் பரவிய ‘இரத்த எழுத்து’ நூல், 1614-இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலின் பிற்காலப் பதிப்பு. கறுப்பில் உள்ளதைக் குரு வாயால் சொல்ல வேண்டும், சிவப்பில் உள்ளதைக் கையால் செய்ய வேண்டும். அவ்வளவுதான் அந்தச் சிவப்பு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நூலில் பேயோட்டும் சடங்குக்கென்று தனிப் பகுதி உண்டு; 1999-இல் புதிய முறை வரும்வரை திருச்சபை முழுக்க அதைத்தான் பயன்படுத்தியது. ‘பேயை விரட்டுற புத்தகம்’ என்று ஊர் சொன்னது முழுப் பொய் இல்லை.

இரண்டாவது பெட்டியில் ஞானஸ்நானப் புத்தகங்கள் ஐந்து. அவற்றில் இரண்டைத் திறந்தபோது எனக்கே மூச்சு நின்றது. எழுத்து இருந்த இடமெல்லாம் தாள் அரித்துப்போய், சில பக்கங்களில் எழுத்து எழுத்தாகவே ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் பெயர்களின் வழியே வெளிச்சம் வந்தது. நெருப்பில்லாமல் எரிந்த புத்தகம் என்று அண்ணன் சொன்னது சரியான வருணனை. காரணம் மை. மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து, பிசின் விட்டுக் கலக்குவது அக்கால ஐரோப்பிய மை. அன்னபேதி ஓர் இரும்பு உப்பு. அதிகமாகிவிட்டால் ஈரக் காற்றில் அமிலமாகித் தாளை மெல்ல மெல்லத் தின்னும். பாட்டிமார் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய்தான்.

2603

நாளிதழ்த் தாளுக்கு விளக்கம் சுலபம். ஜப்பானியர் பினாங்குக்குள் வந்தது 19 டிசம்பர் 1941. வந்த கையோடு கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கும், ஆண்டைத் தங்கள் பேரரசு ஆண்டுக்கும் மாற்றினார்கள். முதல் பேரரசர் கி.மு. 660-இல் அரியணை ஏறினார் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே 1943, 2603 ஆகிறது. ஆக்கிரமிப்புக் கால நாளிதழ்களில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

எனக்கு உறுத்தியது வேறு. பங்கில் பெரியவர்கள் சிலர், ‘குண்டு போட்டப்போ ஒளிச்சு வச்சது’ என்றார்கள். 11 டிசம்பர் 1941 அன்று ஜார்ஜ்டவுன்மேல் குண்டு விழுந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரில் கொள்ளை நடந்தது. பூசைப் பாத்திரங்களை அப்போது ஒளித்திருப்பார்கள் என்றால் பொருந்தும். ஆனால் இங்கே பாத்திரம் எதுவும் இல்லை. கொள்ளைக்காரனுக்கு ஞானஸ்நானப் புத்தகம் எதற்கு? சுற்றிய தாளோ 1943. அதாவது குண்டு விழுந்து ஒன்றரை ஆண்டு கழித்து யாரோ ஒருவர், மதிப்புள்ள எதையும் விட்டுவிட்டு, பெயர்ப் பட்டியலைக் கட்டித் தரையடியில் இறக்கியிருக்கிறார்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவர், “ஆயர் ஈத்தாமில ஒரு பாட்டி இருக்காங்க, அவங்க அப்பாதான் அப்போ கோயில்பிள்ளை” என்றார். சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலைகளைப் பார்ப்பவர்தான் கோயில்பிள்ளை.

பாட்டி 1937-இல் பிறந்தவர். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் தெளிவு. நான் மூன்று தடவை போனேன். முதல் தடவை கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை 2603 தாளின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இத எங்கப்பாதான் சுத்துனாரு. நான்தான் குப்பி விளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ‘யாராச்சும் கேட்டா அங்க பேய்ப் பொஸ்தகம் இருக்குன்னு சொல்லணும் பாப்பா’ன்னு சொல்லிக் குடுத்தாரு. பள்ளிக்கூடத்துல நான் சொன்னேன்ல, எல்லாரும் பயந்துட்டாங்க.”

எதற்கு ஒளித்தார் என்று கேட்டேன்.

“பேரு கெடைச்சா ஆளக் கொண்டு போயிருவான்ல மா. சயாமுக்கு.”

ஜப்பானியர் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்துப் போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி இங்கே நீட்டி எழுத வேண்டியதில்லை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அந்தச் சொல்லைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943-இல் வேலையை விரைவுபடுத்த வேண்டும் என்றபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் என்ன இருக்கும்? பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன், தாய், ஞானத் தகப்பன், ஞானத் தாய், எந்தத் தோட்டம், எந்தத் தெரு. வயது வந்த ஆண்களை வீடு வீடாகத் தேட விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. அந்தப் பங்கின் புத்தகத்தை யாராவது கேட்டார்களா, கேட்கப்போகிறார்கள் என்று கோயில்பிள்ளை அஞ்சினாரா என்பதற்குத் தாள் சாட்சி எதுவும் பெட்டியில் இல்லை. ஆனால் பாட்டியின் சொல்லும் தாளின் ஆண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நான் அவரை நம்புகிறேன்.

கோயில்பிள்ளை 1945 தொடக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டார். சாமியாரும் மாற்றலாகிவிட்டார். போர் முடிந்ததும் பங்கில் புதிய பதிவேடு தொடங்கினார்கள். பெட்டிகளை வெளியே எடுத்திருப்பார்கள் என்றே பாட்டி இத்தனை ஆண்டும் நினைத்துக்கொண்டிருந்தார். எஞ்சியது ஒரு சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்த பேய்க்கதை. அது மட்டும் தலைமுறை தாண்டியும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தக் கதை இல்லாவிட்டால் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ யாராவது தரையைத் திறந்து, பழந்தாள் கடைக்கு எடை போட்டிருப்பார்கள். அதே கதைதான் யாரையும் கிட்டே விடாமல் கரையானுக்கு வழியும் விட்டது. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

மூன்றாவது பெட்டி

இதில்தான் சச்சரவு வந்தது. பாதிக்கு மேல் புரொட்டஸ்டண்டு சபைகள் அச்சிட்ட பழைய தமிழ்த் துண்டு நூல்கள். கத்தோலிக்கர் வீட்டில் இருக்கக்கூடாது என்று சாமியார்கள் வாங்கி வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. உரோமையின் தடை நூல் பட்டியல் 1966-இல்தான் வழக்கொழிந்தது. அவற்றின் அடியில் மூன்று ஓலைக்கட்டுகள். இரண்டு, இயேசு பட்ட பாடுகளைச் சொல்லித் தவக்காலத்தில் பாடுகிற ஒப்பாரி. மூன்றாவது, விஷக்கடி வைத்தியம். தேள், நட்டுவாக்காலி, பாம்பு என்று வரிசையாக மருந்து, ஊடே மந்திரம், இடையில் சக்கரம். ஓர் ஓலையில் இப்படி இருந்தது:

௨ ௭ ௬
௯ ௫ ௧
௪ ௩ ௮

எப்படிக் கூட்டினாலும் பதினைந்து. தமிழ் எண் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எண் என்றே தெரியாது. ஏதோ தேவதையின் பெயர் போல இருக்கும்.

ஆக, மந்திரப் புத்தகம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, அப்போஸ்தலர் பணி 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் நூல்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னும் எரித்தார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. “நாம மட்டும் எதுக்கு வச்சிருக்கணும்?” என்றார். கோபத்தில் கேட்கவில்லை, விசுவாசத்தில் கேட்டார். பாதி சபை தலையாட்டியது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பயணம் இருந்த கரும்புத் தோட்டத்தில் பிள்ளையைப் பாம்பு கடித்தால் தகப்பன் என்ன செய்வான் என்று நான் கேட்டேன். இந்த ஏடு அந்த வீட்டின் ஒரே வைத்தியன் என்றேன். சிலர் யோசித்தார்கள், பெரியவர் அசையவில்லை. இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் நான் ஒரு தவறும் செய்தேன். தவணை என்ற அவசரத்தில், ஓலை பதத்துக்கு வரும் முன்பே கட்டின் கயிற்றைத் தளர்த்தி நடு ஏட்டைப் பிரித்தேன். துளைக்குப் பக்கத்தில் முறிந்தது. மூன்று துண்டு. இருபது ஆண்டாக மாணவர்களுக்கு ‘பொறு, பொறு’ என்று சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தத் துண்டுகளைத் தனி உறையில் போட்டு, யார் முறித்தது, எந்த நாள் என்று என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

அதன்பின் ஒழுங்காகச் செய்தேன். மென்தூரிகையால் தூசு தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஓலையின் இருபுறமும் ஒற்றி, நாள் கணக்கில் காத்திருந்தேன். செராய் என்று இங்கே சொல்லும் அந்தப் புல்லின் வாசனை வீடு முழுக்க. ஓலை வளைந்து கொடுக்கத் தொடங்கியதும் விளக்குக்கரி தடவித் துடைத்தேன். எழுத்தாணி கீறிய கோடுகள் கறுத்து எழுந்தன.

ஓலை படித்தவர்களுக்குத் தெரியும்: பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். ‘கொடு’வா ‘கோடு’வா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பிரித்துக் காட்டியவர் 18-ஆம் நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர். காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். இந்த வைத்திய ஏடும் அப்படித்தான், ஒரு புள்ளி கிடையாது. கடைசி ஏழு ஓலை வரை.

கட்டின் முடிவில் எழுதாமல் விட்டிருந்த ஓலைகள் அவை. அதில் வேறு கை. எழுத்தாணி அல்ல, ஆணியோ ஊசியோ. எழுத்து பெரிது, கோணல். புள்ளி இருந்தது, இரட்டைக் கொம்பு இருந்தது. புள்ளி குத்திய இடங்களில் ஓலை பொத்தலாகி விரிசல் ஓடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் எழுதிப் பழகிய ஒருவர், ஓலையில் எழுதத் தெரியாமல் எழுதியது. முதல் வரியில் ‘சுபானு ஆனி’ என்று இருந்தது. அடுத்து ஒரு பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத் தகப்பன் பெயர்.

சுபானு ஆண்டு ஆனி மாதம் என்றால் 1943 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை. பதிவேட்டை ஒளித்துவிட்டார், ஆனால் பிள்ளைகள் பிறப்பது நிற்கவில்லை. காகிதமும் கிடைக்காத காலம். கோயில்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்களை யாரும் தொட அஞ்சும் கட்டில், மந்திரச் சக்கரத்துக்குப் பின்னால் கீறி வைத்திருக்கிறார். ஜப்பானியன் ஆண்டும் போடவில்லை, வெள்ளைக்காரன் ஆண்டும் போடவில்லை. மொத்தம் 19 பெயர்.

அடுத்த கூட்டத்தில் நான் வாதம் எதுவும் செய்யவில்லை. ஏழு ஓலையையும் மேசைமேல் வைத்து 19 பெயரையும் வாசித்தேன். எபேசு அதிகாரத்தை வாசித்த பெரியவர் ஒரு பெயரில் கையை உயர்த்தி, மறுபடியும் சொல்லச் சொன்னார். அவருடைய காலஞ்சென்ற அண்ணன். எரிக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

செய்த வேலை, மீதி வேலை

அச்சு நூல்களை வெயிலில் காயப்போடலாம் என்று வந்த யோசனையை முதலிலேயே தடுத்தேன். வெயில் தாளை முறுக்கித் தோல் அட்டையைப் பிளந்துவிடும். நிழலில், விசிறிக் காற்றில், ஒற்றுத்தாள் இடையிட்டு உலர்த்தினோம். பூச்சிக்கு மருந்து அடிக்கவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி, மீன் மொத்த வியாபாரம் செய்யும் பங்குக்காரர் ஒருவரின் உறைபெட்டியில் மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்து ஒரு முழு நாள் உறையைத் திறக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் பனி நீர் தாளில் இறங்கும். ஓலைக்கட்டுகளை உறைபெட்டிக்கு அனுப்பவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் சுத்தம் செய்ததே போதும் என்று முடிவு செய்தேன்.

மை தின்ற இரண்டு பதிவேடுகள்தான் கடினம். தண்ணீர் பட்டால் இரும்பு பரவி நல்ல இடத்தையும் கெடுக்கும். அதனால் ஜெலட்டின் பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளை, ஈரம் காட்டியும் காட்டாமலும், ஓட்டை விழுந்த வரிகளின் பின்னால் ஒட்டினோம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், நல்ல நாளில் மூன்று. பெயர்களைப் படிப்பது தனி வேலை. புதுச்சேரியில் தமிழ் கற்று வந்த பிரெஞ்சுக் குருமார்கள் காது கேட்டபடி எழுதியவை. சவரிமுத்துவின் ஒவ்வொரு உகரத்துக்கும் இரண்டு ஐரோப்பிய எழுத்து, இராயப்பன் சில இடத்தில் லத்தீன் பேதுரு ஆகிவிடுகிறார், சின்னப்பன் பவுல் ஆகிவிடுகிறார். இது தெரியாமல் தேடினால் சொந்தத் தாத்தா கண்முன்னே இருந்தும் அகப்பட மாட்டார்.

பெட்டிகள் இப்போது மேல்மாடி அறையில், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தோடு இருக்கின்றன. தரையடியில் எதுவும் இல்லை. புதுப் பலகையும் காற்றுத் துளைக்குக் கம்பி வலையும் போட்டாயிற்று. வைத்திய ஏட்டை அதன் மந்திரத்தோடும் சக்கரத்தோடும் முழுதாக ஒளிப்படம் எடுத்து வைத்திருக்கிறோம். முறிந்த ஏடு முறிந்தபடியே இருக்கிறது.

பாட்டியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். 14-ஆவது பெயர் ‘தாரண ஆடி’, அதாவது 1944. அவருடைய தம்பி, மூன்று மாதத்தில் இறந்த குழந்தை. எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லாததால் அப்படி ஒருவன் பிறந்ததையே பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக் கூட்டி வாசித்தார். புள்ளி கிழித்த இடத்தில் விரலை வைத்து, “அப்பாவுக்கு எழுதத் தெரியல பாரு” என்றார்.

பத்தொன்பதில் 11 பேரைப் பிற்காலப் பதிவேடுகளில் உறுதிபூசுதலோ திருமணமோ கொண்டு அடையாளம் கண்டாயிற்று. பாட்டியின் தம்பியையும் சேர்த்து 12. மீதி ஏழு பெயர்களை ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும், அறிவிப்புகளுக்குப் பிறகு, இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.